பேரில் நின்றவர்கள்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்துக்கு மழைக்காலம்தான் அறுவடைக்காலம். மழை பிடித்தால் ஊரில் காய்ச்சல் கூடும். காய்ச்சல் கூடினால் கட்டில் நிறையும். கட்டில் நிறைந்தால் அழுக்கு விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து இறங்கும், கூடுதல் நேர வேலை கிடைக்கும். “ஊரு இருமினாத்தான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது. இந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்த் தொலைக்கிறது?” என்று அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் நிற்பவன் சொல்லிக்கொண்டே இருப்பான். வாய் மூடாத ஆள் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

சூட்டு உருளையில் நிற்பவருக்குக் கஞ்சி என்று பெயர். குடிக்கிற கஞ்சி இல்லை, துணிக்குப் போடுகிற கஞ்சி. ஆவியும் வெக்கையும் ஆளைப் பிழிகிற அந்த இடத்திலும் மனுஷன் சட்டை கசங்காமல் விறைப்பாக நிற்பார். உருளையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஈர விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுருக்கம் இல்லாமல் இழுத்து, சுழல்கிற உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒருவர் இழுவை கூடினாலும் விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். கஞ்சியும் இப்போது மேஸ்திரியாக இருப்பவரும் அந்த உருளையில் ஜோடியாக நின்றே வயதானவர்கள். மேஸ்திரிக்குப் பதவி கிடைத்தது. கஞ்சிக்கு வலது தோள்பட்டை போனது.

அந்தக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. எப்போது யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒருவர் வீட்டில் கல்யாணம், சாவு, ஆபரேஷன், படிப்புச் செலவு என்று ஏதாவது வந்தால் மற்றவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்துவிட்டு, அந்த நேரத்தை அவருடைய வேலை அட்டையில் ஏற்றிவிடுவார்கள். உழைப்பு இவர்களுடையது, சம்பளம் அவருக்குப் போகும். கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதும் இல்லை. தன் முறை வரும்போது அவரும் இன்னொருவர் பேரில் நிற்பார், அவ்வளவுதான். இதற்குப் ‘பேரில் நிற்பது’ என்று சொல்வார்கள். கம்பெனி விதிப்படி இது கள்ளக் கணக்கு. கண்டுபிடித்தால் அட்டையில் ஏற்றிய மேஸ்திரிக்கு முதலில் சீட்டுக் கிழியும். ஆனாலும் மேஸ்திரிகள் மாறினார்களே தவிர, பழக்கம் மாறவில்லை.

போன மழைக்காலத்தில் அவர்கள் கஞ்சியின் பேரில் நின்றார்கள்.

கஞ்சியின் பெண் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். ஒரே பெண். கல்லூரியில் கற்றுக்கொண்டு வருவதையெல்லாம் சாயங்காலம் அப்பாவின் தோள்பட்டையில் பரீட்சை செய்து பார்ப்பாள். இரண்டு அறை வீடு. ஜன்னலோரத்தில் அம்மாவின் தையல் மெஷின். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் பாவாடைக்கும் கால்சட்டைக்கும் ஓரம் அடித்துக்கொண்டே அம்மா இந்த வைத்தியத்தை வேடிக்கை பார்ப்பாள்.

“கையைப் பின்னால கொண்டு போங்கப்பா. இன்னும். இன்னும்.”

“இதுக்கு மேல போனா கையே கழண்டு உன்கிட்ட வந்துரும் பாப்பா.”

“வந்தா மாட்டி விடறேன். அதுக்குத்தானே படிக்கிறேன்.”

“ரெண்டு வருஷப் படிப்புக்கு இழுக்கத்தான் தெரியும். மாட்டுறது நாலாவது வருஷத்துலதான் வரும். அதுவரைக்கும் கையை அலமாரில வச்சிருங்க” என்பாள் அம்மா.

அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைச்சல் இருந்ததில்லை.

அவள் படித்தது அரசாங்க உதவித்தொகையில். கட்டணத்தில் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்ளும், மிச்சத்தைத் தையல் மெஷின் பார்த்துக்கொள்ளும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அப்பாவின் ஆண்டுச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த உலகத்தில் ஏழையாக இருந்தால் மட்டும் போதாது, வருஷா வருஷம் அதே அளவுக்கு ஏழையாக இருந்து காட்ட வேண்டும். கல்லூரியும் ஒரு சலுகை கொடுத்திருந்தது. உதவித்தொகை இடையில் அறுந்து போகாமல் இருக்கும்வரை, சேர்ந்த வருஷத்துக் கட்டணம்தான் கடைசிவரை. அறுந்தால் அன்றைய கட்டணம். அன்றைய கட்டணம் என்பது, இவள் சேர்ந்த பிறகு, மாவில் ஈஸ்ட் போட்டதுபோல் பொங்கிக்கொண்டே போனது. வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மார்க் நன்றாக இருந்தது. முதல் வருஷம் புதுப்பித்தபோது ஒரு கையெழுத்தில் வேலை முடிந்திருந்தது.

இரண்டாம் வருஷத்தில்தான் கஞ்சியின் தோள் மோசமானது. ஸ்கேன் எடுக்க வேண்டும். பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், பரீட்சைக்குக் கட்ட வேண்டும். இந்த மனுஷன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உருளையில் ஒருநாள் கை தூக்க முடியாமல் விரிப்பை நழுவவிட்டபோது மேஸ்திரியே பிடித்துக்கொண்டார்.

“எத்தனை நாளாடா இப்படி?”

“இல்லண்ணே, இன்னைக்குத்தான்.”

“பொய் சொல்லாத. உன் கூட நின்னவன்டா நான். நாளையிலிருந்து நேரம் முடிஞ்சதும் வீட்டுக்குப் போ. உன் பேர்ல நாங்க நிக்கிறோம்.”

“வேணாம்ணே. எனக்கு என்ன குறை?”

“உன்னை யாருடா கேட்டா? பாப்பாவுக்கு நிக்கிறோம். அவ படிச்சு முடிச்சா நம்ம எல்லாருக்கும் தோள் இருக்கு, இடுப்பு இருக்கு. ஓசில பாக்கட்டும்.”

அந்த மழைக்காலம் முழுக்க மேஸ்திரி நின்றார். மடிப்பு மேசையில் இருக்கும் அக்கா, கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போகும்வரை நின்றாள். ரேடியோ நின்றான், வாய் ஓயாமல். பணம் வந்தது, வந்த வழியே ஸ்கேனுக்கும் பரீட்சைக்கும் போனது. கஞ்சி ஒவ்வொரு சம்பள நாளும் ரொட்டிக்கடையில் பெரிய பொட்டலமாக வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுத்தார். அதற்கு மேல் நன்றி சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

உதவித்தொகை அலுவலகத்தில் அந்தக் குண்டு விழுந்தது. மூன்றாம் வருஷத்துக்குப் புதுப்பிக்க அப்பாவும் பெண்ணும் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் வாளி வைத்து ஒழுக்கைப் பிடித்துக்கொண்டிருந்த கூடம். கம்பெனி கொடுத்த சம்பளச் சான்றை வாங்கிப் பார்த்த அலுவலக அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

“வரம்பைத் தாண்டிடுச்சேம்மா.”

“எது மேடம்?”

“அப்பா சம்பளம். போன வருஷம் எவ்வளவு குறைவா இருந்துச்சு. இப்ப ஏறியிருக்கு.”

“எவ்வளவு தாண்டியிருக்கு?”

அவள் சொன்னாள். ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற காசு.

கஞ்சிக்கு முதலில் புரியவில்லை. “சம்பளம் ஏறலையேம்மா. எனக்கு உயர்வே போடல” என்றார்.

“கூடுதல் நேரம்னு போட்டிருக்கு பாருங்க. மழை மாசம் எல்லாத்துலயும்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெண்ணுக்கும் உறைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

“ஐயா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க” என்று அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். “சில கம்பெனில தப்பா ஏத்திடுவாங்க. இந்த நேரமெல்லாம் நீங்க வேலை செஞ்சதுதானா? இல்லேன்னா கம்பெனில எழுதி வாங்கிட்டு வாங்க. யாரு செஞ்ச வேலை, எப்படி உங்க பேர்ல வந்துச்சுன்னு. நான் மேல அனுப்பறேன். கண்டிப்பா எடுத்துக்குவாங்க.”

கஞ்சி வாயைத் திறந்தார். அலுவலகத்தில் ஒழுக்குச் சொட்டு வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

“நான் செஞ்சதுதாம்மா” என்றார்.

“அப்ப இந்த வருஷம் முடியாதுங்க.” அவளுக்கே கஷ்டமாக இருந்தது. பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “ஒரு வருஷம் சீட்டை வச்சிருக்கச் சொல்லிக் காலேஜ்ல கேளும்மா, வச்சிருப்பாங்க. அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பம் போடு. ஆனா பழைய கட்டணம் கிடைக்காது. மிச்சம் எவ்வளவு வரும்னு என்னால இப்ப சொல்ல முடியாது. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. இந்த வருஷம் சம்பளம் ஏறக் கூடாது. ஏறுச்சுன்னா அதுவும் போச்சு.”

வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றார்கள். நல்ல மழை. குடை ஒன்று. வழியெல்லாம் அவர் குடையைப் பெண் பக்கமே சாய்த்துப் பிடித்து, தான் ஒரு பக்கம் முழுக்க நனைந்தார். வீடு வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் பெண்ணுக்கு அழுகை வெடித்தது.

அம்மா விஷயத்தைக் கேட்டு மெஷினை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த கால்சட்டை பாதியில் நின்றது.

“எழுதி வாங்கிட்டு வான்னு அந்தம்மாவே சொல்றாங்க. நீங்க ஏன் நான் செஞ்சதுன்னு சொன்னீங்க?”

“எழுதணும்னா யாரு எழுதணும்?”

“மேஸ்திரி.”

“எழுதினா கம்பெனி என்ன செய்யும்?”

அம்மா மெஷினிலிருந்து கால்சட்டையை உருவி மடியில் போட்டுக்கொண்டாள்.

“அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. கள்ளக் கணக்கு எழுதினான்னு வெளிய அனுப்பினா, இத்தனை வருஷப் பணத்துல ஒரு காசு தரமாட்டான். மடிப்பு அக்காவுக்கு அந்த வேலையை விட்டா நாதி கிடையாது. ரேடியோவுக்கு மூணு புள்ள.”

“அவங்ககிட்ட கேட்டாவது பாக்கலாமே. என்ன வழின்னு அவங்களே சொல்லுவாங்கள்ல?”

“கேட்டா அண்ணன் எழுதிக் குடுத்துருவாரு. யோசிக்கவே மாட்டாரு. அதனாலதான் கேக்கல.”

அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது. “எல்லாருக்கும் பாத்துப் பாத்துச் செய்யுங்க. இவளை யாரு பாக்குறது? இவளும் மனுஷப் பிறவிதானே? அவங்க வேலை போகக் கூடாது, இவ படிப்பு போகலாமா?”

அந்த வீட்டு வாசலில் நின்று யார் நியாயம் சொல்ல முடியும்? பெண்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“விடும்மா. நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.”

“பெரிய இவ. அப்பனுக்குத் தப்பாத புள்ள” என்று சொல்லி அம்மாவும் அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு அடுப்பில் ஏற்றிய பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வரும்வரை யாருக்கும் அடுப்பு நினைப்பு வரவில்லை.

கல்லூரியில் சீட்டை ஒரு வருஷம் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பெண் ஊரின் மறுகோடியில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போனாள். தெரிந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்றே அவ்வளவு தூரம். கல்லூரித் தோழிகள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வகுப்பு எப்படிப் போகிறது என்று பேச்சு வரும், அதைத் தாங்க அவளால் முடியவில்லை.

சலவைக்கூடத்தில் மேஸ்திரி முதல் நாளே கேட்டுவிட்டார்.

“என்னடா, போன காரியம் என்னாச்சு?”

“கிடைச்சிருச்சுண்ணே” என்றார் கஞ்சி.

“எனக்குத் தெரியும். அவ மார்க்குக்குக் குடுக்கலைன்னா யாருக்குக் குடுப்பான்?” மேஸ்திரி எல்லோருக்கும் டீ சொன்னார். கஞ்சி அந்த டீயை நின்றபடியே குடித்தார்.

தங்கள் உழைப்பே அந்தப் பெண்ணின் படிப்பை முறித்தது என்று இவர்களுக்குத் தெரியக் கூடாது. அதுதான் அவர் எண்ணம். செருப்புக்குள் நுழையாத காலோடு நின்ற அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? இதுவரை சரிதான். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள், அடுத்த அடியை யோசிக்கவில்லை.

மறுபடி மழை பிடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரே குடையில் இடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். மேஸ்திரி, மடிப்பு அக்கா, ரேடியோ. அம்மா அவசரமாக முட்டை வேகவைத்து, ரொட்டியைச் சுட்டு வைத்தாள். மடிப்பு அக்கா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நனைந்துவிட்டதா என்று நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுப் பெண்ணிடம் நீட்டினாள்.

“மூணாவது வருஷம் வார்டுக்கெல்லாம் போகணுமாம்ல. பிரிச்சுப் பாரு.”

வெள்ளைக் கோட்டு. டாக்டர்கள் போடுகிற மாதிரி. புதுத் துணி, கஞ்சி போட்டு, ஆவியில் தேய்த்து, கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நின்றது.

“போட்டுக் காட்டு.”

பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் போட்டுக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். கை மணிக்கட்டோடு அளவெடுத்தாற்போல் நின்றது.

“திரும்பு, முதுகைப் பாக்கலாம்” என்றாள் அக்கா. “பாத்தியா? கண்ணாலயே அளவெடுத்தேன். கடைக்காரன் நம்பல.”

ரேடியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “டாக்டரம்மா, ரொம்ப நாளா இடுப்பு வலி. சீட்டு எங்க போடணும்?”

“வெளிய வரிசையில உக்காருங்க சித்தப்பா. பேரு சொன்னதும் வாங்க” என்றாள் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை.

“இன்னும் ரெண்டு வருஷம்தானேடா” என்றார் மேஸ்திரி, ரொட்டியைப் பிய்த்தபடி. “ஓடிப்போயிரும். இந்தத் திங்கக்கிழமையிலிருந்து உன் பேர்ல நிக்க ஆரம்பிக்கிறோம். போன தடவை மாதிரி இல்ல, இன்னும் நாலு பேரு சேர்ந்திருக்காங்க.”

கஞ்சி நிமிர்ந்தார். “வேணாம்ணே.”

“ஆரம்பிச்சிட்டான்யா.”

“நெசமாத்தான் சொல்றேன். இப்ப ஒரு செலவும் இல்ல. வேற யாருக்காவது நில்லுங்க.”

“கடைசி ரெண்டு வருஷச் செலவு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு. அட்டை என் கையில இருக்கு, நான் ஏத்தறேன். உன்னை யாருடா கேட்டா?”

“ஏத்தாதீங்கண்ணே. ஒரு மணி நேரம்கூட ஏத்தாதீங்க.”

“ஏன்டா?”

ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அக்கா தன் வீங்கிய காலையே வெறுப்பாள். மேஸ்திரி நாளைக் காலையில் மேனேஜர் அறையில் போய் நிற்பார். சொல்லாவிட்டால் இவர்கள் நிற்பார்கள், அடுத்த வருஷமும் போகும்.

ரேடியோ வேடிக்கையாகத்தான் கேட்டான். “என்ன கஞ்சி, நம்ம காசு இப்ப கசக்குதா?”

“ஆமா, கசக்குது” என்றார் கஞ்சி.

கஞ்சி அதோடு நிறுத்தவில்லை.

“என் பொண்ணை நான் படிக்க வைப்பேன். நாளைக்கு அவ ஒரு ஆளா வந்ததும், நாங்க நின்னு படிக்க வச்சோம், நாங்க நின்னு படிக்க வச்சோம்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியவா? போதும். உங்க தயவுல படிச்ச பொண்ணுன்னு அவளுக்குப் பேரு வேணாம்.”

“என்னப்பா பேசுற?” என்றாள் அக்கா.

மேஸ்திரி கையிலிருந்த ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். கஞ்சியைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்த்தார்.

“பாப்பா, நீ சொல்லும்மா. நாங்க அப்படி என்னைக்காவது சொல்லிக் காட்டியிருக்கமா?”

‘இல்லை பெரியப்பா’ என்று சொன்னால் போதும். அவர் சிரித்துவிடுவார், அப்பனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார், திங்கட்கிழமை வந்து நிற்பார். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்தது. வெள்ளைக் கோட்டின் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டு இறுக்கிக்கொண்டாள்.

“அப்பா சொல்றதுதான் பெரியப்பா. எனக்கும் அது வெக்கமாத்தான் இருக்கு.”

மேஸ்திரி எழுந்து, ரொட்டித்தூளைத் தட்டுவதுபோல் முழங்காலைச் சும்மா தட்டினார்.

“சரிங்க” என்றார். “அப்ப நாங்க வர்றோம்.”

ரேடியோ ஒன்றுமே பேசவில்லை. குடையை எடுக்கப் போனவன் கதவில் இடித்துக்கொண்டான். மடிப்பு அக்கா கடைசியாகச் செருப்பை மாட்டினாள். போகிறவள் திரும்பி வந்து, பெண்ணின் கழுத்துப்பட்டையில் இல்லாத ஒரு சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள்.

“இதைச் சும்மா தண்ணில போட்டுறாத. விறைப்பு போயிரும். அழுக்கானா அப்பாகிட்ட குடுத்து அனுப்பு, நானே...” என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். “இல்ல, நீங்களே பாத்துக்குங்க.”

மூன்று பேரும் ஒரே குடையில் தெருவில் இறங்கினார்கள். வரும்போது இடித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது ஒருவர்மேல் ஒருவர் படாமல் நடந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நனைந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் வாயில் முந்தானையை வைத்து நின்றாள். பெண்ணின் தோள் குலுங்க ஆரம்பித்தது.

“அழாத பாப்பா” என்றார் கஞ்சி, உதடு அசையாமல். “திரும்பிப் பாத்தா தெரிஞ்சுரும். முனை திரும்பற வரைக்கும் அழாத.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவரும் நின்றார். தெருமுனை வரைக்கும், அதற்குப் பிறகும் இருவரும் அப்படியே நின்றார்கள். போனவர்கள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.